ஜூன் 25 என்றால் ஒரு மரணம் மட்டும்தானா?

வாசகர் கேள்வி: 25 ஜூன் 2024, காலை 7:40

மைக்கேல் ஜாக்சன் மறைந்து இன்றோடு 15 ஆண்டுகள் நிறைவடைகின்றன. வெகுசன இசையின் வரலாற்றில் ஜூன் 25 என்ற தேதிக்கு இதைத் தவிர வேறு முக்கியத்துவம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. "இந்த நாளில்" என்ற தலைப்பில் வரும் பட்டியல்களில் மற்றவை எல்லாம் இடத்தை நிரப்பச் சேர்க்கப்படுபவை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சான்றோடு எழுதலாம்.

25 ஜூன் 2024, காலை 9:15

மாற்றுக் கருத்து எனக்கு உண்டு. இன்று இந்தித் திரையிசையமைப்பாளர் மதன் மோகனின் நூற்றாண்டு நாள். அவர் 1924 ஜூன் 25 அன்று பாக்தாத்தில் பிறந்தார். இன்றே அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' இசைத்தொகுப்பு வெளிவந்து 40 ஆண்டுகள் ஆகின்றன. 1963இல் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் லண்டனில் பிறந்ததும் இதே தேதியில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, 1967 ஜூன் 25 அன்று பிரிட்டனின் பீட்டில்ஸ் குழு ஒரு பாடலை நேரலையில் பாடி, அதைக் கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். இவற்றில் எதையும் இடத்தை நிரப்பும் செய்தி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

25 ஜூன் 2024, மாலை 6:30

முதலில் 1967. 'அவர் வேர்ல்ட்' என்ற நிகழ்ச்சிதான் பல செயற்கைக்கோள்களை இணைத்துப் பல நாடுகளுக்கு நேரலையாக அனுப்பப்பட்ட முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு. பிபிசியில் பணியாற்றிய ஆப்ரி சிங்கர் என்பவரின் எண்ணத்தில் உருவானது. 14 நாடுகள் தங்கள் பங்காக நிகழ்ச்சிகளை அளித்தன. 24 நாடுகளில் ஒளிபரப்பானது. அரசியல்வாதிகளும் நாட்டுத் தலைவர்களும் அதில் தோன்றக்கூடாது, அனைத்தும் நேரலையாகவே இருக்க வேண்டும் என்பவை அடிப்படை விதிகள். அரசியலை வாசலிலேயே நிறுத்திய நிகழ்ச்சியையும் அரசியல் விட்டுவைக்கவில்லை. மத்தியக் கிழக்கில் நடந்த ஆறு நாள் போரில் மேற்கு நாடுகள் எடுத்த நிலைப்பாட்டை எதிர்த்து, சோவியத் ஒன்றியமும் அதன் அணியைச் சேர்ந்த நாடுகளும் ஒளிபரப்புக்குச் சில நாள்களே இருந்தபோது விலகிக்கொண்டன.

பிரிட்டன் தன் பங்காக அளித்தவற்றுள் ஒன்று, பீட்டில்ஸ் ஒரு புதிய பாடலைப் பதிவு செய்யும் காட்சி. ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக குழுவின் ஜான் லெனன் மிக எளிய சொற்களில் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாடலை எழுதினார். அடிப்படை இசைத்தடத்தை முன்கூட்டியே வேறொரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். லண்டன் அபே சாலையிலிருந்த இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் பெரிய கூடத்தில், அந்தத் தடத்தின் மீது குரலும், கிட்டாரும், மேளமும், மைக் விக்கர்ஸ் நடத்திய 13 பேர் கொண்ட வாத்தியக் குழுவும் நேரலையில் சேர்ந்தன. குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அமைத்த வாத்திய இசை பிரான்சின் தேசிய கீதத்தோடு தொடங்கும்; முடிவில் ஜெர்மன் இசைமேதை பாக்கின் மெட்டு ஒன்றும், 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய ஆங்கில மெட்டும், கிளென் மில்லர் குழுவால் புகழ்பெற்ற 'இன் தி மூட்' மெட்டும் ஒன்றன் மீது ஒன்றாக வந்து கலக்கும். கடைசி மெட்டின் வாத்திய அமைப்புக்குக் காப்புரிமை இருந்ததால் இஎம்ஐ பின்னர் பணம் கொடுக்க நேர்ந்தது.

அந்தக் காட்சியை எப்போது பார்த்தாலும் என் கண் லெனனின் வாயில்தான் நிற்கும். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் அவர் சூயிங்கம் மென்றபடியே பாடுகிறார். காதொலிக் கருவியை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருக்கிறார். தரையில் மிக் ஜாக்கரும் எரிக் கிளாப்டனும் மற்ற நண்பர்களும் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வீட்டு விசேஷத்தின் தளர்ச்சி அந்தக் கூடத்தில் தெரிகிறது. அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தபடி அந்தத் தளர்ச்சியைக் காட்ட முடிந்தது சாதாரண விஷயம் அல்ல.

25 ஜூன் 2024, இரவு 10:05

ஒன்றைச் சேர்க்க மறந்துவிடக்கூடாது. எளிய பாடல் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாடலின் சரணத்துக்குத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். நான்கு நான்காக எண்ணினால் கை வழுக்கும். ஏழு, ஏழு, எட்டு, ஏழு என மொத்தம் 29 எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிகிறது. நம் கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு மூன்றும் நான்குமாகப் பிரியும். இங்கே நான்கும் மூன்றுமாகப் பிரிகிறது. பல்லவி வந்ததும் பாடல் நான்கின் நடைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த இடத்தில்தான் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்கள். உலகம் முழுவதற்குமான பாடல் என்று கேட்டவர்களுக்கு ஏழில் எழுதிக் கொடுத்த துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

26 ஜூன் 2024, காலை 8:20

கேள்வி கேட்ட நண்பர், "கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள் என்கிறீர்கள், நம் ஊரில் யார் பார்த்தது?" என்று எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. யாரும் பார்த்திருக்க வழியில்லை. அன்று இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் மட்டும்தான் இருந்தது. சென்னைக்கு 1975இல்தான் வந்தது. பார்வையாளர்களின் எண்ணிக்கையை 40 கோடி என்றும் 70 கோடி என்றும் எழுதுகிறார்கள். எதுவாயினும் அது மதிப்பீடுதான். அந்த எண்ணிக்கையில் நம் பக்கத்து மக்கள் இல்லை. 'உலகம் ஒன்றாகக் கேட்டது' என்ற வாசகத்தை நான் தயக்கத்துடனேயே ஏற்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். லண்டனில் அந்தப் பாடல் ஒலித்தது ஞாயிறு இரவு. அதை இந்திய நேரத்துக்கு மாற்றினால், 26ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு மேல் ஆகிறது. மைக்கேல் ஜாக்சன் இறந்துவிட்டதாக லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் அறிவிக்கப்பட்டது அங்கு பிற்பகல் 2:26. நமக்கு 26ஆம் தேதி அதிகாலை 2:56. நண்பரின் ஜூன் 25உம் என் ஜூன் 25உம் நம் நாள்காட்டியில் ஜூன் 26தான்.

2009இல் அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் டீக்கடையில் வாங்கிய நாளிதழில் அச்செய்தி இல்லை. அது அச்சேறிய பிறகே அவர் இறந்திருந்தார். கடையில் இருந்த சிறிய தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நாளிதழைக் கையில் வைத்திருந்தவர்கள் அதை மடித்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பண்பலை வானொலியைத் திருப்பினால் எங்கும் அவர் குரல்தான். ஒரே நேரத்தில் இத்தனை பேர் அவர் பெயரைத் தேடியதால், தங்கள் மீது தாக்குதல் நடக்கிறதோ என்று கூகுள் நிறுவனம் முதலில் எண்ணி, தேடியவர்களுக்குச் சற்று நேரம் பிழைப்பக்கத்தைக் காட்டியது. 1967இல் செயற்கைக்கோள் வழியாக ஒரு பாடலை எல்லோரிடமும் கொண்டு சேர்க்க மாதக்கணக்கான ஏற்பாடு தேவைப்பட்டது. 2009இல் எந்த ஏற்பாடும் இல்லாமல் எல்லோரும் ஒருவரைத் தேடி வந்தார்கள், வலைதளங்களால் தாங்க முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே தேதியில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

27 ஜூன் 2024, இரவு 9:45

இப்போது மதன் மோகன். நூற்றாண்டு நாளில் தமிழில் அவரைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தமே. தமிழர்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.

அவர் இசையமைத்த 'வோ கௌன் தீ' என்ற இந்திப் படம் 1964இல் வந்தது. அதன் தமிழ் வடிவம்தான் 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த 'யார் நீ?'. இசை வேதா. 'நானே வருவேன்' என்று பி. சுசீலா பாடிய பாடலை அறியாத தமிழ்க் காது குறைவு. அந்த மெட்டு, லதா மங்கேஷ்கர் பாடிய 'நைனா பர்ஸே' பாடலுக்காக மதன் மோகன் அமைத்தது. கண்ணதாசன் அதற்குத் தமிழ் எழுதினார். கண்ணதாசனின் பிறந்தநாள் ஜூன் 24, மெட்டமைத்தவரின் பிறந்தநாள் ஜூன் 25. ஒரு பாடலின் சொல்லும் மெட்டும் அடுத்தடுத்த நாள்களில் பிறந்தவர்களுடையவை என்பதில் எனக்கு ஏனோ ஒரு மகிழ்ச்சி.

சுசீலா அம்மாவின் பாடலைத்தான் நான் முதலில் கேட்டேன். பல ஆண்டுகள் கழித்தே இந்திப் பாடல் கிடைத்தது. எது சிறந்தது என்று இங்கே கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். லதாவின் குரல் தொலைவிலிருந்து வருகிறது. அழைப்பவள் இருக்கிறாளா இல்லையா என்ற ஐயம் அந்தக் குரலிலேயே இருக்கிறது. சுசீலாவின் குரலில் அந்த ஐயம் குறைவு, துயரம் அதிகம். படத்தின் மர்மத்துக்கு முன்னது பொருத்தம். தனியாக இரவில் கேட்பதற்கு நான் பின்னதையே எடுப்பேன்.

மதன் மோகனின் தந்தை ஈராக்கில் பணியாற்றியவர். பின்னர் பம்பாய்த் திரையுலகில் பங்குதாரரானார். மகன் 1943இல் இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் விலகி, லக்னோ வானொலியில் வேலைக்குச் சென்றார். தலத் மஹ்மூத், பேகம் அக்தர் போன்ற கஜல் பாடகர்களின் அருகாமை அங்கு கிடைத்ததும், அவருடைய கஜல் மெட்டுகளுக்கு அவ்வளவு ஆழம் வந்ததும் தொடர்பற்றவை அல்ல. 'தஸ்தக்' படத்துக்குத் தேசிய விருது பெற்றார். 1975 ஜூலை 14 அன்று, 51 வயதில் காலமானார்.

அதோடு முடியவில்லை. அவர் பயன்படுத்தாமல் விட்டுச்சென்ற மெட்டுகளை அவருடைய மகன் சஞ்சீவ் கோலி எடுத்துக் கொடுத்து, 2004இல் 'வீர் ஸாரா' படம் முழுவதும் அந்த மெட்டுகளே பாடல்களாக வந்தன. எழுபதைக் கடந்த லதாவே மீண்டும் பாடினார். இசையமைப்பாளர் மறைந்து 29 ஆண்டுகளுக்குப் பின் ஒரு புதிய படத்துக்கு அவரே இசையமைப்பாளர் என்ற நிலை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

29 ஜூன் 2024, காலை 11:10

'பர்ப்பிள் ரெயின்' பற்றிக் கேட்டவருக்கு. 1984 ஜூன் 25 அன்று முதலில் வந்தது இசைத்தொகுப்பு. படம் ஒரு மாதம் கழித்து, ஜூலை 27 அன்று வந்தது. இசைத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தலைப்புப் பாடலின் அடிப்படை, ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானதன்று. 1983 ஆகஸ்ட் 3 அன்று மினியாபொலிஸ் நகரின் 'பர்ஸ்ட் அவென்யூ' அரங்கில், ஒரு நடனப் பள்ளிக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவானது. கிட்டார் கலைஞர் வெண்டி மெல்வாயின் குழுவில் முதன்முதலாக மேடையேறியதும் அன்றுதான். பிறகு ஒரு சரணத்தை வெட்டினார்கள், தந்தி வாத்தியங்களைச் சேர்த்தார்கள்.

எண்பதுகளின் இறுதியில் வெற்று கேசட்டில் பாடல் பதிந்து தரும் கடைகள் எங்கள் ஊரில் இருந்தன. நீளமான தாளில் பாடல் பெயர்களை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் கிடைக்கும். நான் எழுதிக் கொடுத்ததில் 'வென் டவ்ஸ் க்ரை' ஒன்று. கேசட்டை வாங்கப் போனபோது கடைக்காரர் தயங்கினார். அந்தப் பாடலில் மட்டும் கீழ்ச்சுருதி சரியாக ஏறவில்லை என்று சொல்லி, காசு வாங்காமல் இன்னொரு முறை பதிந்து தருவதாகவும் சொன்னார். ஒலிபெருக்கியில் பேஸ் குமிழை முழுவதும் திருப்பிக் காட்டினார். அப்போதும் ஒன்றும் வரவில்லை. காரணம், அந்தப் பாடலில் பேஸ் கிட்டாரே கிடையாது. பிரின்ஸ் எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்துப் பதிந்த பிறகு பேஸ் தடத்தை முழுவதுமாக எடுத்துவிட்டார். நடனத்துக்கான பாடலில் அடித்தளத்தை உருவி எடுப்பதை எந்த ஒலிப்பதிவாளரும் அன்று பரிந்துரைத்திருக்க மாட்டார். அந்தக் கடைக்காரரின் காது மிகச் சரியாக வேலை செய்தது என்பதைத்தான் இது காட்டுகிறது.

அமெரிக்காவில் இசைத்தொகுப்புகளின் மேல் பெற்றோருக்கான எச்சரிக்கை வாசகம் அச்சிடப்படுவதற்கும் இந்தத் தொகுப்பு ஒரு காரணம். இதிலுள்ள 'டார்லிங் நிக்கி' பாடலைத் தம் மகள் கேட்பதைக் கண்ட டிப்பர் கோர் (செனட் உறுப்பினர் அல் கோரின் மனைவி), வேறு சிலருடன் சேர்ந்து 1985இல் தொடங்கிய இயக்கம் செனட் விசாரணை வரை சென்றது.

30 ஜூன் 2024, இரவு 8:00

ஜார்ஜ் மைக்கேலைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்தது ஜூன் 25, மறைந்தது 2016 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றால் ஆண்டுதோறும் நினைக்கப்படுபவர் கிறிஸ்துமஸ் அன்றே போனார். 1984இல் வந்த 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' பிரிட்டனில் முதலிடத்தை எட்டியது 2021 புத்தாண்டு நாளில்தான். அப்போது அவர் இல்லை.

2 ஜூலை 2024, காலை 7:30

25ஆம் தேதி எழுதியதற்கும் 29ஆம் தேதி எழுதியதற்கும் இடையே ஒரு தொடர்பு இருப்பது இந்த இரண்டு நாள்களில்தான் எனக்குத் தெளிவானது. பாடல் யாருடைய சொத்து என்ற வழக்கு இந்தத் தேதியைச் சேர்ந்த பலரையும் தொடுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் மைக்கேல் ஜாக்சனும் சேர்ந்து பாடினார்கள். பாடல் பதிப்புரிமையை வாங்குவது நல்ல முதலீடு என்று ஜாக்சனுக்கு எடுத்துச் சொன்னவர் மெக்கார்ட்னி. 1985இல் ஏடிவி என்ற பதிப்பு நிறுவனம் விலைக்கு வந்தபோது, ஜாக்சன் அதை 4.75 கோடி டாலருக்கு வாங்கினார். லெனனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து எழுதிய பெரும்பாலான பாடல்களின் உரிமை அந்த நிறுவனத்திடம்தான் இருந்தது. 'ஆல் யூ நீட் இஸ் லவ்' அவற்றுள் ஒன்று. 1995இல் அந்நிறுவனத்தைச் சோனியின் பதிப்பு நிறுவனத்துடன் இணைத்து, பாதிப் பங்கைத் தாம் வைத்துக்கொண்டார். 1967 ஜூன் 25 அன்று உலகுக்குப் பாடிக் காட்டிய பாடலின் உரிமையில் பாதி, 2009 ஜூன் 25 அன்று இறந்தவரின் கையில் இருந்தது. அவர் பங்கை வாரிசு நிர்வாகம் 2016இல் 75 கோடி டாலருக்குச் சோனியிடமே விற்றது.

ஜார்ஜ் மைக்கேல் அதே சோனியுடனான ஒப்பந்தத்திலிருந்து விடுபட லண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்று 1994இல் தோற்றார். பிரின்ஸ் தம் இசைநிறுவனத்துடன் மோதிய ஆண்டுகளில் கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். மூலப்பதிவுகளின் உரிமை அவருக்குத் திரும்பியது 2014இல், மறைவதற்கு இரண்டு ஆண்டுகளே இருந்தபோது. மெக்கார்ட்னி அமெரிக்கச் சட்டத்தின்படி தம் பங்கை மீட்க 2017 ஜனவரியில் வழக்குத் தொடுத்து, அவ்வாண்டு ஜூன் இறுதியில் சமரசம் செய்துகொண்டார், நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.

பாடியவர்களும் எழுதியவர்களும் தங்கள் பாடலைத் தங்களுடையது என்று சொல்ல இத்தனை பாடுபட வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஜாக்சன் செய்தது சட்டப்படி சரிதான். நண்பருடைய பாடல்களை வாங்கியதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

4 ஜூலை 2024, மாலை 5:15

இந்தத் தேதியில் இறந்த மற்றவர்களைப் பட்டியலிடச் சொன்னவருக்கு இரண்டு பெயர்கள் போதும். 2009 ஜூன் 25 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஸ்கை சாக்சன் இறந்தார். அறுபதுகளில் 'தி சீட்ஸ்' என்ற ராக் குழுவின் பாடகர். அன்று யார் காதிலும் அது விழவில்லை. 1976 ஜூன் 25 அன்று 'மூன் ரிவர்' பாடலை எழுதிய ஜானி மெர்சர் காலமானார். அவர் 1942இல் கேப்பிட்டல் இசைநிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அந்த நிறுவனம்தான் பீட்டில்ஸ் பாடல்களை அமெரிக்காவில் வெளியிட்டது, 'ஆல் யூ நீட் இஸ் லவ்' உட்பட.

7 ஜூலை 2024, இரவு 9:30

தொடக்கக் கேள்வியை எழுப்பிய நண்பர் இப்போது வேறொன்று கேட்கிறார்: "இசைத்தட்டில் நாம் கேட்பது அன்று உலகம் கேட்ட அதே பாடல்தானா?" பிரிட்டனில் அந்த இசைத்தட்டு வெளிவந்தது 1967 ஜூலை 7, பொருத்தமான நாளில் கேட்டிருக்கிறார்.

முழுவதும் அதே அல்ல. ஒளிபரப்பு முடிந்து விருந்தினர்கள் கலைந்த பிறகு லெனன் சில வரிகளைத் திரும்பப் பாடிப் பதிந்தார். தொடக்கத்தில் ஒலிக்கும் மேள உருட்டலை ரிங்கோ ஸ்டார் பின்னர் வாசித்துச் சேர்த்தார். நேரலையில் அது இல்லை. ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் தனிப்பகுதி நேரலையில் வாசித்தது. வாத்தியக் குழுவின் பகுதியும் அப்படியே. தொண்ணூறுகளில் வந்த 'ஆந்தாலஜி' ஆவணத் தொடரில் வண்ணத்தில் காணப்படும் காட்சி, கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானதற்குப் பிறகு வண்ணம் ஏற்றியது. முதலில் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, பிறகு அந்தக் காட்சியைப் பாருங்கள். தொடக்கத்தில் மேளம் இல்லாத இடம் உடனே பிடிபடும்.